சீல் நம்பர் 418

அத்தியாயம் ஏழு

லியனார்டின் வேலைக்கு உலை வைத்தது நாங்கள்தான். மூன்று பக்க அறிக்கை, இரண்டு நகல். கடைசிப் பக்கத்தில் மெய்யம்மை ஆச்சியின் கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் பக்கிரிசாமி என்ற என் கையெழுத்து. அதைப் படித்த அன்றே காப்பார் ரோட்டுத் தொழிற்சாலை முதலாளி சோலையப்பன், பதினோரு வருடமாக அங்கே கெமிஸ்டாக இருந்த மனிதரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே அறிக்கையோடு போலீஸ் நிலையம் போகப் போகிறார். இன்றைக்குச் சனிக்கிழமை.

ஆச்சி என்றதும் பல் போன கிழவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். வயது நாற்பத்தாறு. செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவர் ஆச்சி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், நாலு வருடத்துக்கு முன்னால், எண்பத்தைந்தில், ஒரு தையல் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் அவருக்கு டிரைவர், உதவியாளர், வாயாடி. சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான்.

கேஸ் இதுதான். செம்பனை எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுத்துவிட வேண்டும் என்று சோலையப்பனுக்கு ஆசை. அதற்கு ஜியோலைட் என்று ஒரு வெள்ளைப் பொருள் தேவை. அது மாவாக மூட்டையில் வரும். அந்த மாவில் அமிலம் கிடையாது. லியனார்ட் அதை என்னென்னவோ செய்து கழுவி, குச்சி குச்சியாகப் பிழிந்து, அடுப்பில் சுட்டு, அமிலம் உள்ளதாக மாற்றுவார். அமிலம் இருந்தால்தான் எண்ணெய் உடையும். போன மாதம் இரண்டு கிலோவை ஒரு டின்னில் போட்டு, ஷா ஆலமில் பங்காளியாகச் சேர வந்தவர்களின் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் எவனும் கை வைத்துவிடக் கூடாதென்று டின்னைக் கொண்டுபோகும் வேலையை ஆச்சியிடம் கொடுத்தார் சோலையப்பன். ஆச்சி என்னிடம் கொடுத்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. உள்ளே இருப்பது வெறும் சோடியம் வகை, அமிலம் துளியும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மூட்டை மாவும் சோடியம் வகைதான். எங்கள் சீல் கிழியாமல் ஷா ஆலம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் சீல் ஒட்டுவதற்கு முன்பே யாரோ நல்ல சரக்கை எடுத்துவிட்டு மூட்டைச் சரக்கைப் போட்டிருக்க வேண்டும். அதுவரை டின்னைத் தொட்டவர் லியனார்ட் ஒருவர்தான். இதைத்தான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தோம்.

சீல் ஒட்டியது நான். டின்னைக் கொண்டுபோனதும் நான். நடுவே ஒரு சின்ன விஷயம் நடந்தது, அதை நான் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை. அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது, போலீஸில் ஒப்படைப்பதற்காக ஷா ஆலமிலிருந்து முதல் நாள் திரும்பி வந்திருந்த அந்த டின் ஆச்சியின் மேசை மேல் இருந்தது. மூடி திறந்திருந்தது.

"பசியாறிட்டியா?" என்றார்.

"ரெண்டு ரொட்டி சானாய். மூணாவது கேஸ் முடிஞ்சதும்."

"கேஸ் முடியல. இங்க வா, இதைப் பாரு."

வெள்ளைத் தாளில் நாலைந்து குச்சிகளைப் பரப்பி வைத்திருந்தார். வெள்ளை நிறம், அரிசி மணியைப் போல் இரண்டு மடங்கு நீளம். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது.

"மூட்டையில வர்ற சரக்கு எப்படி இருக்கும்?"

"மாவு மாதிரி."

"இது மாவா?"

நான் வாயைத் திறந்து, வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

"அவன் மூட்டை மாவை அள்ளிப் போட்டான்னு எழுதினோம்," என்றார் ஆச்சி. "டின்னைத் திறந்து பாக்காமலேயே எழுதினோம். கடுதாசியை மட்டும் படிச்சுட்டு ஒரு மனுஷனைத் திருடன்னு எழுதியிருக்கேன் பக்கிரி. ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

"லெட்டர்ல தெளிவா இருந்துச்சே ஆச்சி."

"லெட்டருக்கு வாய் இருக்கு, கண்ணு இல்ல. வண்டியை எடு."

எங்கள் டட்சன் 120ஒய் கிள்ளானைத் தாண்டிக் காப்பார் ரோட்டில் ஏறும்வரை ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி அவர் இருந்தால் ஏதோ ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

ஃபேக்டரியில் சனிக்கிழமை அரை நாள். காவல்கார ஜாகா கேட்டைத் திறந்துவிட்டார். சோதனைக் கூடம் ஒரு நீளக் கொட்டகை, ஒட்டினாற்போல் கன்டீன். மூலையில் குச்சி பிழியும் கைமிஷின் நின்றது. முறுக்கு உழக்கைப் பெரிதாக்கி இரும்பில் செய்து கைப்பிடி வைத்தது போல இருந்தது. ஆச்சி அதன் அடித்தட்டைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரே ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் ஊசி முனை அளவு ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

"கீறலுக்கு அப்பன் இவன்தான்," என்றேன்.

"சரி. ஆனா லியனார்ட் கெட்டிக்காரன்னா மூட்டை மாவையே இதுல பிழிஞ்சு குச்சியாக்கி டின்னுல போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். அப்போ நம்ம அறிக்கை சரி."

"சரியா இருக்கணும்னு உனக்கு ரொம்ப ஆசை போலிருக்கே," என்றபடி ஆச்சி கன்டீன் பக்கம் நடந்தார்.

கன்டீனை நடத்துபவர் இராஜம்மா. அங்கே நடப்பது எல்லாம் அவர் காதுக்கு வந்த பிறகுதான் முதலாளி காதுக்குப் போகும் என்று ஜாகா சொல்லியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

"அக்கா, ரெண்டு தே ஓ," என்றேன்.

"சீனி முடிஞ்சு போச்சு."

"சீனி இல்லாம."

"தண்ணியும் முடிஞ்சு போச்சு."

ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டார். "இராஜம்மா, அந்தக் குச்சி மிஷின் சுத்தும்போது சத்தம் கேக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பைக்குள் கை விட்டு எதையோ தேட ஆரம்பித்தார்.

இது ஆச்சியின் பழைய வித்தை. கேள்வியைப் போட்டுவிட்டுப் பையில் தேடுவார். பைக்குள் தேடுகிற மாதிரி ஒன்றுமே இருக்காது. எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது, பேசிவிடுவார்கள். இன்சூரன்ஸ் காலத்தில் கடையைத் தானே கொளுத்திய ஒருவன் அந்தப் பை மூடுவதற்குள் அழுதுவிட்டானாம்.

இராஜம்மா முக்கால் நிமிடம் தாங்கினார்.

"கேக்குமாவா? கொட்டகை பூரா கத்தும்லா. ஒரு தடவை ஆரம்பிச்சா நாலு மணி நேரம். எனக்குத் தலைவலியே வந்துரும். எண்ணெய் விடுங்க சார்னா, எண்ணெய் பட்டா சரக்கு கெட்டுரும்மான்னு சொல்வாரு."

"அந்த டின்னை அனுப்பின வாரம் மிஷின் எத்தனை தடவை கத்திச்சு?"

"ஒரே தடவை. செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு நான் தலைவலிக்குப் பனடோல் ரெண்டு போட்டேன், அதனால ஞாபகம் இருக்கு."

"அப்புறம் அடுப்புல வச்சாங்களா?"

"புதன்கிழமை வச்சாரு. கண்ணு எரிஞ்சு போச்சு. எப்பவும் அப்படித்தான், அந்த அடுப்பு சூடாகும்போது ஒரு காத்து வரும் பாருங்க, வெங்காயம் நூறு கிலோ உரிச்ச மாதிரி. எல்லாரும் வெளிய ஓடிருவோம்." துணியை மேசையில் வைத்தார். "அவரு திருடல ஆச்சி. எனக்குத் தெரியும். ஆனா முதலாளி எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டப்போ நான் வாயைத் திறக்கல. இந்தக் கன்டீன் குத்தகை போயிருமோன்னு பயம். அதான் உங்க மூஞ்சியைப் பாக்கப் புடிக்கல. உங்களைப் பாத்தா என்னையும் பாக்கிற மாதிரி இருக்கு."

இப்போது தேநீர் வந்தது. சீனியும் இருந்தது.

காரில் ஏறியதும் ஆச்சி விரல் விட்டுச் சொன்னார். "மிஷின் கத்தினது ஒரே தடவை. குச்சி பிழிஞ்சது ஒரே சரக்குலதான், எப்பவும் போலச் சுட்டதும் அதைத்தான். அதே சரக்குதான் டின்னுல போச்சு, அதே சரக்குதான் திரும்பி வந்திருக்கு. யாரும் எதையும் மாத்தல."

"அப்போ அமிலம் எங்க போச்சு? ஓய்வூதியம் வாங்கிட்டுப் போயிருச்சா?"

"அதை லியனார்டுகிட்டதான் கேக்கணும்."

கிள்ளான் போகிற வழியில், சாலையோரம் கருவாட்டுக் கொட்டகைகள் வரிசையாக வந்தன. கே.எல்.லிலிருந்து காப்பார் பக்கம் வருகிற எவரும் கருவாடு வாங்காமல் திரும்புவதில்லை. வாங்காமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"இன்னிக்குக் கருவாடு வேணாமா?" என்றார் ஆச்சி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"இன்னிக்கு மனசு சரியில்ல ஆச்சி," என்றேன். அது உண்மைதான்.

லியனார்டின் வீடு கிள்ளானில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. அவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர், அவர் கட்டிய வீடு. கதவைத் திறந்தவர் லியனார்டின் மனைவி லூசி. எங்களைப் பார்த்ததும் கதவை முழுக்கத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

"இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்றார். "போன ஞாயிறு பூசைக்குப் போனோம். எங்க பெஞ்சுல யாரும் உக்காராம தள்ளி உக்காந்தாங்க. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

"நாங்க எழுதினது தப்பு லூசி," என்றார் ஆச்சி. "அதைச் சொல்லத்தான் வந்தேன். முழுசா சரிபண்ண உன் வீட்டுக்காரர் உதவி வேணும்."

லியனார்ட் பின்கட்டிலிருந்து வந்தார். பன்னிரண்டு நாளில் பனியன் தொளதொளத்துப் போகிற அளவு மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க அண்ணே, உக்காருங்க," என்றார். அந்த மனிதர் என்னைத் திட்டியிருக்கலாம். உட்காரச் சொன்னார்.

"நீங்க ஏன் வாதாடவே இல்ல?" என்று ஆச்சி கேட்டார். பைக்குள் கை போகவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"திருடினியான்னு கேட்டாங்க, இல்லன்னு சொன்னேன். தப்பு பண்ணினியான்னு யாராவது கேட்டிருந்தா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல." லியனார்ட் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சரக்கை அம்மோனியம் உப்புத் தண்ணியில மூணு தடவை கழுவணும். அன்னிக்குப் பெரிய மகளுக்கு ஸ்கூல்ல பாட்டுப் போட்டி. அவசரம். மூணாவது தடவை கழுவினேனா இல்லையான்னு இந்தப் பன்னெண்டு நாளா யோசிக்கிறேன் ஆச்சி. நோட்டுல டிக் போட்டிருக்கேன். ஆனா கை தானா டிக் போட்டுருமே. நான் கழுவாம விட்டிருந்தா, முதலாளியோட இத்தனை வருஷ ஆசையை நான்தானே கெடுத்தேன்? அதுக்கு இந்தத் தண்டனை போதும்னு நெனச்சேன்."

"அடுப்புல வச்சப்போ கண்ணு எரிஞ்சுதாம். இராஜம்மா சொன்னாங்க."

லியனார்ட் நிமிர்ந்தார். "நல்லாவா?"

"எல்லாரும் வெளிய ஓடுற அளவுக்கு."

"அப்போ அம்மோனியா வந்திருக்கு," என்று தனக்குள் சொன்னார். "அம்மோனியா வந்துச்சுன்னா கழுவினது சரி. ஒரு தடவை குறைஞ்சிருந்தாலும் பாதிக்கு மேல அமிலம் இருக்கணும். சுத்தமா இல்லாம எப்படிப் போகும்?"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அமிலம் எங்க இருந்து வருது? அதைத் தெரிஞ்சாதானே எங்க போச்சுன்னு தேடலாம்."

லியனார்ட் அடுப்படிக்குப் போய் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணமும், பச்சைப் பட்டாணி நாலும், பல்குத்தும் குச்சி டப்பாவும் கொண்டுவந்தார். தரையிலேயே உட்கார்ந்து கடலையில் குச்சியைக் குத்திக் கோக்க ஆரம்பித்தார். விரல்கள் வேகமாக வேலை செய்தன. பன்னிரண்டு நாளில் அந்த விரல்களுக்குக் கிடைத்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

"கடலை சிலிக்கன். அதுக்கு நாலு கை. ஒவ்வொரு கையும் ஒரு குச்சியைப் பிடிக்கும். குச்சிதான் ஆக்சிஜன். இப்படியே கோத்துக்கிட்டுப் போனா கூண்டு கூண்டா வீடு. உள்ளே நடமாட வழி, ஜன்னல் எல்லாம் இருக்கும். ஆனா இந்த வீட்டுல வெறும் கடலை மட்டும் இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. சாந்தமான வீடு. அமிலம் கிடையாது." ஒரு கடலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பட்டாணியை வைத்தார். "இது அலுமினியம். இவனுக்குச் சொந்தமா மூணு கைதான். ஆனா இடம் நாலு கைக்காரன் இடம். எப்படியோ நாலு குச்சியையும் பிடிச்சுக்கிறான். அதனால வீட்டுக்கு ஒரு மைனஸ் வந்துருது. அதைச் சரிக்கட்ட ஒரு பிளஸ் வெளியே இருந்து வந்து பக்கத்துல குந்தணும்."

"யாரு வருவா?" என்றேன் நான். கதை கேட்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தேன்.

"அதுலதான் எல்லாமே இருக்கு அண்ணே. மூட்டையில வரும்போது சோடியம் குந்தியிருக்கும். அது குந்தினா வீடு சும்மா கிடக்கும். நான் அம்மோனியத்தை விட்டு அதைக் கிளப்பி விடுவேன். அப்புறம் சுட்டா, அம்மோனியம் உடைஞ்சு அம்மோனியா காத்தாப் போயிரும், கண்ணு எரியும். ஒரு ஹைட்ரஜன் மட்டும் தங்கிரும்." கடலைக்கும் பட்டாணிக்கும் நடுவே இருந்த குச்சியின் மேல் விரல் நுனியை வைத்தார். "இதோ, இந்த ஆக்சிஜன் மேல லேசா ஒட்டிக்கிட்டு நிக்கும். எப்ப வேணும்னாலும் கழண்டு போய் எண்ணெயை உடைக்கும். அதுதான் அமிலம். பட்டாணி இல்லாட்டி அமிலம் இல்ல. பட்டாணி இருந்தும் ஹைட்ரஜன் இடத்துல வேற ஆளு குந்திட்டாலும் இல்ல."

"சுட்டதுக்கு அப்புறம் மறுபடியும் சோடியம் வந்து குந்த முடியுமா?"

"எங்கிருந்து வரும்? உப்புல இருந்துதான் வரணும். எங்க லேபுக்குள்ள உப்பே வரக்கூடாது. கன்டீன் பொட்டலம்கூட உள்ள வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேன்."

"வந்தா எவ்வளவு வேணும்?"

லியனார்ட் மனக்கணக்குப் போட்டார். "நம்ம சரக்குல நூறு கடலைக்கு மூணு பட்டாணிதான். குந்துற இடமே கம்மி. ரெண்டு கிலோவுக்கு அறுபது கிராம் போதும். ஷா ஆலம்ல டெஸ்ட்டுக்கு முன்னாடி நல்லா சூடு பண்ணுவாங்க, அப்போ உப்புல இருக்கிற சோடியம் உள்ளே போய்க் குந்திரும். ஒரு கைப்பிடி உப்பு. அவ்வளவுதான்."

ஒரு கைப்பிடி உப்பு என்று அவர் சொன்னபோது என் கையைப் பார்த்தேன்.

லூசி தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. ஆச்சி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பக்கிரி, என்ன சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். பிறகு பைக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்தார்.

நாலு வருடமாக அந்தப் பைக்கு முன்னால் எத்தனையோ பேர் நெளிந்ததைப் பக்கத்தில் நின்று ரசித்திருக்கிறேன். அது என் பக்கம் திறந்தது அன்றுதான்.

"லியனார்ட்," என்றார் ஆச்சி தேடிக்கொண்டே, "டின்னை ஒப்படைச்சப்போ பக்கிரி கொடுத்த ரசீது இருக்கா?"

அவர் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தார். "இருக்கு. சீல் நம்பர் 417."

"டின்னுல இப்ப ஒட்டியிருக்கிறது 418," என்றார் ஆச்சி.

என் சட்டைப் பையில்தான் சீல் புத்தகம் இருந்தது. வரிசை எண் போட்ட ஒட்டுத் தாள்கள், பக்கத்தில் அடிக்கட்டை. 418-இன் அடிக்கட்டையில் நான் ஒன்றும் எழுதவில்லை.

"நான்தான்," என்றேன். "நான்தான் சார். அன்னிக்கு வழியில கருவாட்டுக் கடையில நிறுத்தினேன். கார் பின்பெட்டியில டின்னு இருந்துச்சு. இவ்வளவு பத்திரமா கொண்டு போறோமே, உள்ளே என்னதான்னு ஒரு ஆசை. சீலைக் கிழிச்சுத் திறந்து பாத்தேன். பல்லி எச்சம் மாதிரி இருக்குன்னு கடைக்காரம்மாகிட்ட ஜோக் அடிச்சேன். மூடியைச் சரியா அழுத்தல. கிள்ளான் வர்ற வழியில ஒரு பள்ளத்துல வண்டி குதிச்சுச்சு. டின்னு கவுந்துருச்சு. கருவாட்டுப் பொட்டலமும் பிரிஞ்சு போச்சு. கல்லுப்பும் வெள்ளை, இதுவும் வெள்ளை. கையால அள்ளிப் போட்டேன். மீன் செதிலை மட்டும் பொறுக்கி எடுத்தேன். புது சீல் ஒட்டிட்டேன்."

நான் நிறுத்த முடியாமல் பேசினேன்.

"கொஞ்சம் உப்புதானே, விஷமா என்னன்னு நெனச்சேன். லெட்டர் வந்த அன்னிக்கு அந்த ஞாபகம் வந்துச்சு. ஆனா அதுல சோடியம்னுதான் போட்டிருந்துச்சு. உப்புன்னு போடல. நான் ஃபார்ம் த்ரீ வரைக்கும்தான் படிச்சேன் சார். ரெண்டும் ஒண்ணுன்னு இப்பத்தான் தெரியும். ஆனா சீலை நான் கிழிச்சேன்னு அன்னிக்கே தெரியும். அதைச் சொல்லியிருந்தா உங்க மேல பழியே வந்திருக்காது. கேலி பண்ணுவாங்களேன்னு மறைச்சேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்."

ஆச்சி பையை மூடினார். "போன மாசம் நீ கொடுத்த கருவாட்டுல குழம்பு வச்சேன். வெள்ளையா ஒரு குச்சி கரையாம நின்னுச்சு. கல்லுன்னு தூக்கிப் போட்டேன். நேத்து டின்னைத் திறந்தப்போதான் அதை எங்க பாத்தோம்னு ஞாபகம் வந்துச்சு. கருவாட்டுக்கும் அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்னு மட்டும் தெரியல. அதைக் கேக்கத்தான் இங்க வந்தேன். நீயா சொல்றியான்னு பாக்கத்தான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன்."

காலையிலிருந்து நான் துணைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி தேடிய ஆள் ஸ்டீயரிங் பிடித்திருந்தான்.

லியனார்ட் கடலைக் கூண்டைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் கழுவினது சரி," என்றார். கண் கலங்கியிருந்தது. "மூணு தடவையும் கழுவியிருக்கேன். லூசி, கேட்டியா, நான் சரியாத்தான் கழுவியிருக்கேன்! தேங்க்ஸ் அண்ணே."

எனக்குத் தேங்க்ஸ் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் பட்ட வெட்கத்தை என் ஜென்மத்தில் பட்டதில்லை.

லூசி தேங்க்ஸ் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஆறிக்கிடந்த தேநீரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் ஊற்றினார். அந்தச் சத்தம் கூடம்வரை கேட்டது.

"நீயே போன் பண்ணு," என்றார் ஆச்சி.

மூலையில் இருந்த தொலைபேசியில் சோலையப்பனின் நம்பரைச் சுழற்றினேன். வழக்கமாக முதலாளிகளிடம் முதலில் ஒரு ஜோக்கைப் போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. முழுவதையும் சொன்னேன். "அந்தச் சரக்கு போனது போனதுதானா?" என்று கேட்டார். ரிசீவரை லியனார்ட் வாங்கிக்கொண்டார்.

"போகல முதலாளி. அலுமினியம் அதோட இடத்துலேயேதான் இருக்கு. குந்தியிருக்கிற சோடியத்தைக் கிளப்பி விட்டா போதும். மறுபடி கழுவிச் சுட்டா அமிலம் வந்துரும். நாளைக்கே செய்யலாம்."

போலீஸுக்குப் போவது நின்றது. ஆனால் திங்கட்கிழமை ஷா ஆலம் சோதனையில் தேறினால்தான் லியனார்டுக்கு வேலை என்று சோலையப்பன் சொல்லிவிட்டார். ஆச்சி காரில் கொண்டுவந்திருந்த டின்னை லியனார்டிடமே கொடுத்துவிட்டு, பழைய அறிக்கைக்குப் பதிலாக அங்கேயே புது அறிக்கை எழுதினார். நான் செய்ததும் இருந்தது, தாம் டின்னைத் திறந்து பாராமல் எழுதியதும் இருந்தது. அதிலும் சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான்.

மறுநாள் பூசை முடிந்த நேரத்துக்கு ஆச்சியை ஏற்றிக்கொண்டு நான் வண்டியோடு மாதா கோயில் வாசலில் நின்றேன். லியனார்டும் லூசியும் பூசைக்குப் போயிருந்தார்கள். லியனார்ட் டின்னை என்னிடம் நீட்டினார். லூசி நடுவில் கையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். காப்பார் ரோட்டில் அந்தப் பள்ளம் வந்தபோது நான் வண்டியை நிறுத்தினாற்போல் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லியனார்ட் குச்சிகளைக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் சோலையப்பன் பக்கத்தில் நின்று எண்ணினார். மூன்றாவது தடவை முடிந்ததும், "மூணு," என்று லியனார்ட் சத்தமாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு காயவைத்து அடுப்பில் வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் காற்று வந்தது. செய்தி கேட்டு வந்திருந்த இராஜம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சோலையப்பனும் ஆச்சியும் ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

ஆறின குச்சிகளை லியனார்ட் டின்னில் கொட்டி மூடியைத் தட்டி இறுக்கினார். சீல் ஒட்ட வேண்டும். நான் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீங்க ஒட்டுங்க சார். நான் இனிமே இதைத் தொடறதா இல்ல."

லூசி முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"அது எப்படி? நீங்கதான் ஒட்டணும் அண்ணே. நாளைக்கு ஷா ஆலமுக்கும் நீங்கதான் கொண்டு போகணும். வழியில இறங்காம."

"நீங்க நம்புறீங்களா?"

"இல்ல," என்றார் லூசி. "அதான் பின்னாடி நானும் வரேன்."

419-ஆம் தாளைக் கிழித்தேன். முதல் முனை கோணலாக ஒட்டிக்கொண்டது. எடுத்து ஒட்டவில்லை, அப்படியே அழுத்தித் தேய்த்தேன். அடிக்கட்டையில் தேதி, நேரம், சரக்கின் பெயர், ஒட்டியவர் பெயர் எல்லாம் எழுதினேன். பிறகு ஒரு தாள் பின்னுக்குத் தள்ளி, காலியாகக் கிடந்த 418-இன் அடிக்கட்டையை நிரப்ப ஆரம்பித்தேன். லூசி பக்கத்தில் வந்து, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.